மூன்று கார்களும் ஒரு தலைப்பாகையும்

ஒரே பெயர் கொண்ட மூன்று கார்களை நான் ஓட்டியிருக்கிறேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல், மூக்கு நுனியில் அதே வெள்ளிப் பறவை. ஆனால் முதலாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இதன் வயிற்றில் பிறந்ததுதான் அது என்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்பமாட்டார்கள். கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. இந்தக் கதையில் தப்பெல்லாம் என்னுடையது. வண்டி பாவம், அதன் மேல் பழி எதற்கு?

என் முதலாளி கிள்ளானில் ரோடு கொந்திராத்துக்காரர், குத்தகைக்குச் சாலை போடுகிறவர். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் சாலையில் பாதிக்கு மேல் அவருடைய ஆட்கள் சரளை கொட்டி, உருளை ஓட்டிப் போட்டதுதான். ஆகவே அந்தச் சாலையில் அவர் போவது சாமி புறப்பாடு மாதிரி இருக்கும். மண்வெட்டியோடு ஓரத்தில் நிற்கிறவர்கள் வண்டியைப் பார்த்ததும் நிமிர்ந்து சலாம் போடுவார்கள். முதலாளி பதிலுக்குக் கையைத் தூக்கமாட்டார். தலைப்பாகையை ஓர் அங்குலம் அசைப்பார். அந்த ஓர் அங்குலத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் சாயங்காலம் வரை மண் வெட்டுவார்கள்.

அந்தத் தலைப்பாகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைத் துணி, விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குச் சரிகை, ஒரு சாண் உயரம். தினமும் உட்கார்ந்து கட்டுகிற சங்கதியல்ல. கல்யாண மாப்பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கிற ஒருவர் கிள்ளான் கடைத்தெருவில் இருந்தார். அவர் கட்டி, கஞ்சி போட்டுக் கொடுத்தால் தொப்பி மாதிரி அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே முதலாளிக்கு முடி என்று ஒன்றும் கிடையாது. இந்த ரகசியம் அம்மாவுக்கும் (முதலாளியின் மனைவியை நாங்கள் எல்லாரும் அம்மா என்றுதான் சொல்வோம்), முடி வெட்டுகிறவருக்கும், எனக்கும் மட்டும் தெரியும். முடியே இல்லாதவருக்கு முடி வெட்டுகிறவர் எதற்கு என்று கேட்காதீர்கள். மாதம் ஒரு முறை வருவார், கத்தரியை இரண்டு தடவை காற்றில் தட்டுவார், காப்பி குடித்துவிட்டுப் போவார்.

முதல் கார் பெரிய சண்டை ஓய்ந்த மறு வருஷம், 1919இல் வந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. அதுவரை சரளை லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். கார் என்பதைவிட, கண்ணாடி பீரோவுக்கு நான்கு சக்கரம் வைத்தது மாதிரி இருக்கும். ஏறுவதற்குப் படி. உள்ளே பட்டுத் திரை, பூ வைக்க ஒரு வெள்ளிக் குப்பி, எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, பேசுவதற்கு ஒரு ரப்பர் குழாய். பின்னால் முதலாளி குழாயில் பேசினால் முன்னால் என் காதுக்குள் யாரோ கிணற்றிலிருந்து கூப்பிடுவது போலக் கேட்கும். முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். சில நாள் வண்டி கிளம்பும். சில நாள் கைப்பிடி திருப்பி அடித்து நான் கிளம்புவேன். பிரேக்கு பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். நிறுத்த வேண்டுமென்றால் கால் கட்டையின் மேல் ஏறி நின்று, முருகா என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும். ஆனால் கூரை? முதலாளி தலைப்பாகையோடு உட்கார்ந்தால் மேலே இன்னொரு தலைப்பாகைக்கு இடம் இருக்கும்.

ஏழெட்டு வருஷம் கழித்து அதே மாடலில் இரண்டாவது வந்தது. பொத்தானை அழுத்தினால் கிளம்பியது. டயர் பருத்திருந்தது. மழையைத் துடைக்கக் கண்ணாடியில் ஒரு விரல் ஆடியது. கூரை கொஞ்சம் தணிந்திருந்தது, ஆனால் தலைப்பாகைக்கு மேல் நான்கு விரல் மிச்சம். பிரேக்கு மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் வந்துவிட்டது என்பதை யாரும் என் காலுக்குச் சொல்லவில்லை. முதல் நாள் கிள்ளான் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு எருமை குறுக்கே வர, பழைய பழக்கத்தில் ஏறி நின்று முருகா என்றேன். வண்டி அங்கேயே ஆணி அடித்தது போல நின்றது. அம்மா வெற்றிலைப் பெட்டியோடு வந்து நடுக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள். குழாயில் அவர்கள் குரல் கேட்டது: "முருகன் வந்துட்டாரா, இன்னும் கூப்புடணுமா?"

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்குத்தான் தகவல் போகும். பிறகு முழங்கால், பிறகு கை. மூளைக்குக் கடைசியில்தான் ஆள் அனுப்புவார்கள். அதற்குள் வாய் ஏதாவது சொல்லி முடித்திருக்கும். மூன்றாவது காரின் கதையே இதுதான்.

கித்தா விலை, அதாவது ரப்பர் விலை, விழுந்து, கிடந்து, மெல்ல எழுந்து உட்கார்ந்த பிறகு முதலாளி மூன்றாவதை வாங்க நினைத்தார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் ஒரு வாசகசாலை கட்டியிருந்தார்கள். அதைத் திறந்து வைக்க முதலாளியைத் தலைவராகக் கூப்பிட்டிருந்தார்கள். புது வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் தெலுக் பங்லிமா காராங் பக்கம் மழையில் சாலை அரித்துக்கொண்டு போனதால் கோலாலம்பூர் போய் வண்டியைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

"நீ போய் பாரு" என்றார். "எஞ்சின், கிஞ்சினெல்லாம் அவனுங்க நல்லாத்தான் பண்ணியிருப்பானுங்க. நீ ஒன்னே ஒன்னு பாரு. தலப்பா இடிக்குமா, இடிக்காதா. அத மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

நாற்காலியில் அவரை உட்கார வைத்து, நான் பின்னால் ஸ்டூலில் ஏறி, உட்காரும் பலகையிலிருந்து தலைப்பாகையின் உச்சி வரை கயிறு பிடித்து, முடிச்சுப் போட்டேன். அந்தக் கயிற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏதோ சர்க்கார் சர்வேயர் மாதிரி ஏஜென்ட்டு கடைக்குப் போனேன்.

கடையில் வண்டியைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. மூக்கில் பறவை இருந்ததால்தான் நம்பினேன். பீரோவின் மூலைகளையெல்லாம் யாரோ நக்கி வழவழப்பாக்கியது போல உருண்டிருந்தது. முன் கண்ணாடி சாய்ந்திருந்தது. நடுக்கண்ணாடியும் இல்லை, குழாயும் இல்லை. கூரை முன்னால் எழும்பி, பின்பக்கம் போகப் போக ஆமை முதுகு மாதிரி வழிந்து இறங்கியது. கடைக் குமாஸ்தா ஒரு சீனர், தலையில் எண்ணெய் பளபளக்கும். அவர் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சிலாக்கான், சிலாக்கான்" என்று மலாயில் என்னை உபசரித்து உட்காரச் சொன்னார்.

நான் ஒரு அடி பின்னால் போனேன்.

இங்கே ஒரு விஷயம். பதினைந்து வருஷமாக நான் முதலாளியின் பின் சீட்டைத் தினமும் காலையில் துடைத்திருக்கிறேன். தரையில் முழங்கால் போட்டுக்கொண்டு, கையை மட்டும் நீட்டித் துடைப்பேன். அந்தத் தோலில் எங்கே சுருக்கம், எங்கே வெற்றிலைக் கறை என்று என் கைக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொல்லவில்லை. டிரைவர் பின் சீட்டில் உட்காருவது முதலாளியின் கட்டிலில் ஏறிப் படுப்பது மாதிரி. எந்த டிரைவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். வாங்காத வண்டியானாலும், கடையில் நிற்கிற வண்டியானாலும், பின் சீட்டு பின் சீட்டுதான்.

ஆகவே நான் கம்பீரமாகச் சுற்றி வந்து முன் கதவைத் திறந்து, என் சீட்டில் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்தேன். முடிச்சுக்கு மேல் இரண்டு விரல் இடம் இருந்தது. முன்னால் இரண்டு விரல் என்றால் பின்னாலும் இரண்டு விரல்தானே, ஒரே கூரைதானே என்று முடிவு கட்டினேன். வழிந்து இறங்கிய அந்த ஆமை முதுகு என் கண்ணுக்கு நேரே இருந்தது. பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று நினைத்தேன், கிள்ளானுக்குத் திரும்பினேன்.

"தாராளமா இருக்கு மொதலாளி."

"நல்லா பாத்தியா?"

"கயிறு புடிச்சுப் பாத்தேன் மொதலாளி."

விழா ஞாயிற்றுக்கிழமை. வண்டி வியாழக்கிழமை வீட்டு வாசலுக்கு வந்தது. பழைய வண்டியை ஏஜென்ட்டின் ஆள் அப்போதே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முதலாளி தலைப்பாகையோடு பின் கதவைத் திறந்து ஏறினார். உள்ளேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், பூசணிக்காய் விழுந்தது மாதிரி.

என் வயிற்றுக்குத் தகவல் வந்துவிட்டது.

"ஏம்பா" என்றார் முதலாளி உள்ளேயிருந்து. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பல் வலிக்காரர் போல.

"மொதலாளி."

"நீ அளந்தல்ல?"

"அளந்தேன் மொதலாளி."

"எத வெச்சு அளந்த? வாய வெச்சா?"

அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். "இது காரா, கவுத்து வெச்ச சட்டியா? உள்ள நாம யாரு, கருவாட்டுக் கொழம்பா?"

"மொதலாளி, தலப்பாவக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டா…" என்று என் வாய் மூளையைக் கேட்காமல் ஆரம்பித்தது. முதலாளி பார்த்த பார்வையில் அது பாதியில் நின்றது. வழி நெடுக அவருடைய ஆட்கள் சலாம் போடுகிற சாலையில் மொட்டைத் தலையோடா?

அவர் மெதுவாக இறங்கினார். குரல் உயரவில்லை. அதுதான் பயம்.

"ஞாயித்துக்கெழம கால இந்தத் தலப்பாவோட, நான் நிமிந்து உக்காந்து, பிரிக்பீல்ட்ஸ்ல போயி எறங்கணும். எறங்கினா நீ நம்ம வண்டிக்கு டிரைவர். இல்லன்னா திங்கக்கெழம நீ வேற வண்டி பாத்துக்க."

பதினைந்து வருஷ வேலை. வேறு வண்டி என்றால் வாடகைக் கார்தான். பிரிக்பீல்ட்ஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று, போறவன் வர்றவனையெல்லாம் கை தட்டிக் கூப்பிட வேண்டும். என்னை நினைத்து எனக்கே அழுகை வந்தது. அதில் பாதி, வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடாததால் வந்தது.

வெள்ளிக்கிழமை கிள்ளானில் கார்கள் நிற்கிற இடத்துக்குப் போய் மற்ற டிரைவர்களிடம் யோசனை கேட்டேன். அது என் இரண்டாவது தப்பு.

"கூரையில ஓட்ட போட்டுருங்கண்ணே" என்றான் ஒருவன். "தலப்பா வெளிய, ஆளு உள்ள. மழ வந்தா அதுக்கு மட்டும் ஒரு கொட புடிக்கலாம்."

"அதெதுக்கு லா? மொதலாளியப் படுக்க வெச்சுக் கொண்டு போங்க."

"படுக்க வெச்சா மாலையும் போட்டுருவானுங்க, எறக்கறதுக்கு நாலு பேரும் வருவானுங்க!"

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நான் மெத்தை தைக்கிற ஒரு சீனரைத் தேடிப் போனேன். அவர் பின் சீட்டைக் கழற்றி, சுருள் கம்பிகளையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் தேங்காய் நார் மட்டும் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். சனிக்கிழமை காலை முதலாளி உட்கார்ந்து பார்த்தார். தலைப்பாகை இடிக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது. வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிக் காட்டினேன். அம்மா படியில் நின்று பார்த்தார்கள்.

"சன்னல்ல தலப்பா மட்டும் போவுது" என்றார்கள். "உள்ள ஆள் இருக்கா, இல்ல தலப்பாவ மட்டும் விழாவுக்கு அனுப்புறோமா?"

மறுபடி சீனரிடம். பாதிக் கம்பியை உள்ளே வைத்தார். சாயங்காலம் முதலாளி உட்கார்ந்தபோது, அசையாமல் இருந்தால், கூரைக்கும் தலைப்பாகைக்கும் நடுவில் ஒரு காகிதம் போகும். நாளைக்குப் பார்ப்போம் என்பது போல முதலாளி என்னைப் பார்த்தார்.

ஞாயிறு காலை கிளம்பினோம். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் ஓட்டியதில்லை. எண்ணெய் வழிய வழிய நிறைந்த அண்டாவைச் சுமந்து போவது போல. பத்து தீகா என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. மாடு திரும்பிப் பார்த்த மாதிரிகூட இருந்தது. வழக்கம்போல ஆட்கள் சலாம் போட்டார்கள். முதலாளியால் அந்த ஓர் அங்குலம் அசைக்க முடியவில்லை. அசைத்தால் இடிக்கும். கழுத்தை விறைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி போனார். என்னமோ கோபம், யார் வேலையோ போகப்போகிறது என்று அன்று சாலையில் பலருக்குச் சோறு இறங்கவில்லையாம். யார் வேலை என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"இப்படியே போனா அடுத்த வருசம் தெறந்து வெக்கலாம்" என்றார்கள் அம்மா.

கடிகாரத்தைப் பார்த்தேன். நேரமாகிவிட்டது. பங்சார் தோட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் மிதித்தேன். அங்கே ஒரு மதகு. மதகின் மேல் சாலை ஒட்டக முதுகு மாதிரி தூக்கியிருக்கும். அந்த மதகைக் கட்டியது வேறு யாருமல்ல, முதலாளிதான். வண்டி ஏறியது, இறங்கியது. பின்னால் முதலாளியும் ஏறினார், இறங்கினார். ஏறும்போது கூரையில் 'டொப்'.

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு சாண் உயரம் மடித்த தோசையாகி, சரிகை ஒரு காதுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டியை ரப்பர் மர நிழலில் நிறுத்தினேன். மூன்று பேரும் இறங்கினோம். அம்மா தலைப்பாகையை வாங்கி, உள்ளே கையை விட்டு, மாவு பிசைகிற மாதிரி குத்திக் குத்தி நிமிர்த்தினார்கள். மொட்டைத் தலையோடு முதலாளி என் முன்னால் வந்து நின்றார். வெயிலில் அது மின்னியது. பார்க்கக் கூடாது என்று நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நெசத்தச் சொல்லு. நீ அளந்தியா, இல்லியா?"

"அளந்தேன் மொதலாளி. முன்னால."

"முன்னாலன்னா? எப்ப?"

"முன் சீட்டுல."

"நான் எங்கடா உக்காருவேன்?"

"பின்னால."

"அப்ப பின்னாலயில்ல அளக்கணும்?"

"பின்னால… நான் எப்படி மொதலாளி உக்காருறது?"

அம்மா குத்துவதை நிறுத்தினார்கள்.

"பதினஞ்சு வருசத்துல நீ பின்னால உக்காந்ததே இல்லியா?"

"இல்லம்மா."

"நாங்க கடைக்குள்ள போயிருக்கறப்ப? மதியானம் ஒரு தூக்கம்?"

"ஸ்டீரிங் மேலதாம்மா சாஞ்சு தூங்குவேன்."

"மண்டு" என்றார்கள் அம்மா. ஆனால் அது திட்டு மாதிரி விழவில்லை.

முதலாளி பின் கதவைத் திறந்தார். "ஏறு."

"மொதலாளி?"

"இந்தத் தலப்பாவ வெச்சுக்கிட்டு ஏறி உக்காரு. உன் தலையிலயும் ஒரு தடவ இடிக்கட்டும். அப்பத்தான் ஒனக்குப் புரியும்."

ஏஜென்ட்டு கடையில் ஒரு அடி பின்னால் போனவன், இங்கே மூன்று அடி போனேன். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலைப்பாகையை நீட்டினார்கள். என் தொப்பியைக் கழற்றி மட்கார்டு மேல் வைத்தேன். தலைப்பாகையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஆமாம், செருப்பைக் கழற்றினேன். கோயிலுக்குள் போவது போலத்தான் இருந்தது. கொஞ்சம் நிமிர்ந்ததும் தலைப்பாகை கூரையில் உரசியது. முன்னால் இரண்டு விரல் இருந்த இடம் பின்னால் எங்கே போயிற்று என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தச் சீட்டு! கையால் துடைத்தபோது அது இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று தெரியவே தெரியாது. அதுவும் பாதிக் கம்பியோடு.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து நாயனம் கேட்டது.

வாசகசாலைக்காரர்கள் தலைவரை ஊர் எல்லையில் எதிர்கொண்டு அழைக்க ஆள் அனுப்பியிருந்தார்கள். வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டு, பிறகு சட்டென்று நின்றுபோனதால், என்ன ஆயிற்றோ என்று அவர்களே நடந்து வந்துவிட்டார்கள். நான்கு இளைஞர்கள், ஒரு நாயனம், ஒரு தவில், இடுப்பளவு ஒரு ரோஜா மாலை. அவர்கள் முதலாளியை நேரில் பார்த்ததில்லை. நோட்டீசில் போட்டிருந்த படத்தில் பார்த்திருந்தார்கள். அதில் முகம் கட்டைவிரல் அளவு, மீதியெல்லாம் தலைப்பாகை.

முதலாளிக்கு ஆள் வருவது தெரிந்ததும் மொட்டைத் தலை நினைவு வந்துவிட்டது. சட்டென்று கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அது என் டிரைவர் தொப்பி. அவரும் வெள்ளைக் கோட்டு, நானும் வெள்ளைக் கோட்டு. என் பித்தளைப் பொத்தான்கள் மட்டும்தான் வித்தியாசம். அதையும் அடுத்த நிமிஷம் ரோஜா மாலை மூடிவிட்டது.

"வாங்கய்யா, வாங்க!" கார் கதவு வழியாக நான்கு கைகள் உள்ளே வந்து என் கழுத்தில் மாலையைப் போட்டன. "ஐயா நல்லாருக்கீங்களா? நேரமாச்சேன்னு பயந்துட்டோம்!"

"நான்… நான்…" என்றேன்.

"ஐயாவுக்கு என்னா அடக்கம் பாருங்க லா!"

நாயனம் என் காதுக்குப் பக்கத்தில் ஆரம்பித்தது. இன்னொருவர் முதலாளியின் தோளைத் தட்டினார். "டிரைவர் அண்ணே, ஏன் மரத்தடியில நிக்கிறீங்க? வண்டிய எடுங்க. ஜனமெல்லாம் காத்திருக்கு."

முதலாளி வாயைத் திறந்தார். நான்தான் தலைவர் என்று சொல்ல வேண்டுமானால் தொப்பியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் மொட்டை. அவர் வாயை மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் வியாழக்கிழமைப் பார்வை தாலாட்டு. நான் எழுந்திருக்க முயன்றேன், தலைப்பாகை கூரையில் இடித்தது, மறுபடி உட்கார்ந்தேன். எழுந்தேன், இடித்தது, உட்கார்ந்தேன். ஐயா எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து அவர்களும் குனிந்து குனிந்து கும்பிட்டார்கள்.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போயிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"தம்பிங்களா, ஐயாவுக்கு வெயிலு கொஞ்சம் ஒத்துக்கல. நீங்க முன்னால நடங்க, நாங்க பின்னாலயே வந்துர்றோம்."

நாயனம் வளைவைத் தாண்டியதும் நான் வண்டியிலிருந்து விழுந்தேன், இறங்கினேன் என்று சொல்ல முடியாது. மாலையைக் கழற்றி அவர் கழுத்தில், தலைப்பாகையை எடுத்து அவர் தலையில். அவர் தொப்பியைக் கழற்றி என் தலையில் அழுத்தினார், வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பலமாக. பிறகு பின் கதவைப் பார்த்தார், மதகைப் பார்த்தார், நேராகப் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

தலைப்பாகைக்கு மேல் இரண்டு விரல் இடம் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் வாசகசாலை வாசலில் கூட்டம் பின் கதவைச் சுற்றி மொய்த்தது. அதிலிருந்து அம்மா மட்டும் இறங்கினார்கள். முதலாளி முன் கதவைத் திறந்துகொண்டு, நிமிர்ந்து, தலைப்பாகையோடு இறங்கினார். மாலை போட்ட இளைஞர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "வர்ற வழியில ஐயா கொஞ்சம் பெருத்துட்டாருல்ல?"

முதலாளி நன்றாகப் பேசினார் என்று சொன்னார்கள். நான் வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தாரா? உட்கார்ந்தார். தலைப்பாகையோடு இறங்கினாரா? இறங்கினார். ஆனால் பின் சீட்டிலிருந்தா? அவர் பின் சீட்டு என்று வியாழக்கிழமை சொன்னாரா? இந்த ஒரு சொல்லில் என் சோறு தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போதும் முன்னால்தான் உட்கார்ந்தார். பத்து தீகா வந்தது.

"நாளைக்கு நீ…" என்று ஆரம்பித்தார்.

"அவன நிறுத்தாதீங்க" என்றார்கள் அம்மா பின்னாலிருந்து.

"ஏன்? எனக்குப் போட்ட மாலையப் போட்டுக்கிட்டான்ல?"

"அதுக்குத்தான் சொல்றேன். இங்கேர்ந்து நிறுத்தினா இவன் எங்க போவான்? பிரிக்பீல்ட்ஸ் ஸ்டேஷன்ல வாடகக் கார் ஓட்டுவான். அந்தப் பசங்க பாப்பானுங்க. 'அடப்பாவமே, நாம மாலை போட்ட கொந்திராத்துக்காரர் நொடிச்சுப் போயி, வாடகக் கார் ஓட்ட வந்துட்டாரே'ன்னு ஊரெல்லாம் சொல்லுவானுங்க. அப்பறம் எவன் உங்களுக்கு ரோடு குடுப்பான்?"

முதலாளி நெடுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் சாலையைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் சும்மா இருந்தது.

திங்கட்கிழமை காலை வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கேட்டால் கொடுத்துவிடலாம் என்று. முதலாளி வந்தார். சாவியைப் பார்த்தார். கேட்கவில்லை. முன் கதவைத் தானே திறந்து ஏறினார்.

"எடு."

எடுத்தேன். கிள்ளானைத் தாண்டவில்லை, முன் கண்ணாடி வழியாகச் சாலையைக் காட்டிக் கையை நீட்டினார்.

"இந்தப் பள்ளம் எப்ப வந்துச்சு?"

"ரெண்டு வருசம் ஆச்சு மொதலாளி."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல மொதலாளி."

"நிறுத்து. எறங்கிப் பாப்போம்."

கோலாலம்பூர் போய்ச் சேருவதற்குள் அன்று பதினான்கு தடவை நிறுத்தினோம்.